ஒன்றாக வாங்குவோம், ஊரூராக வழங்குவோம்

பத்து நெசவாளர்கள் தனித்தனியே நூல் வாங்கச் சென்றால் விலையை வியாபாரி சொல்வார். பத்துப் பேரும் சங்கமாகச் சென்றால் விலையைப் பற்றி நாமும் பேசலாம். உரத்துக்கும் விதைக்கும் இதே நியாயந்தான். கூட்டுறவு இயக்கத்தின் இந்த அரிச்சுவடியைக் கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு தேசம் மறந்தால் என்ன விளையும் என்பதை 2021ஆம் ஆண்டில் நாம் கண்டோம். அந்த அனுபவத்தை ஆராய்ந்து பார்ப்பது, இனி வரக்கூடிய இடர்களுக்கு நம்மை ஆயத்தப்படுத்தும்.

கோவிட் நோய்க்கான தடுப்பூசித் திட்டம் நமது நாட்டில் 2021 ஜனவரி 16ஆம் தேதி தொடங்கிற்று. முதலில் மருத்துவமனைப் பணியாளர்கள், பிப்ரவரியில் போலீசார் முதலிய முன்களப் பணியாளர்கள், மார்ச் 1 முதல் அறுபது வயது கடந்தோர், ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்து வயது கடந்தோர் என்று வரிசை வகுக்கப்பட்டது. ஆபத்து யாருக்கு அதிகமோ அவருக்கே முதலில் என்பது நேர்மையான முறை. மருந்து முழுவதையும் மத்திய அரசாங்கமே வாங்கி மாநிலங்களுக்கு அளித்தது.

மே 1ஆம் தேதி இந்த ஏற்பாடு மாறியது. உற்பத்தியில் ஒரு பாதியை மட்டும் மத்திய அரசாங்கம் வாங்கும். மறு பாதியை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் தாமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாயிற்று. ஒரே மருந்துக்கு மூன்று விலைகள் தோன்றின. கோவிஷீல்டு மருந்து மத்திய அரசாங்கத்துக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300 ரூபாய், தனியாருக்கு 600 ரூபாய். மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு உலகச் சந்தையில் டெண்டர் கோரின. தமிழ்நாடு 3.5 கோடித் தவணைகளுக்குக் கோரிய டெண்டரில் ஒரு நிறுவனமும் கலந்துகொள்ளவில்லை. இரண்டாம் அலை உயிர்களைப் பறித்த அந்நாட்களில் ஏழு வாரங்கள் இவ்வாறு கழிந்தன. ஜூன் 21 முதல், உற்பத்தியில் நான்கில் மூன்று பங்கை மத்திய அரசாங்கமே வாங்கி இலவசமாக அளிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

மாநிலங்கள் சில தாமே இந்த உரிமையைக் கேட்டன அல்லவா என்று வினவலாம். கேட்டது மெய்யே. ஆனால் வாங்கும் பொறுப்பு வேறு, வழங்கும் பொறுப்பு வேறு. வாங்குவதில் எண்ணிக்கையே பலம். வழங்குவதில் ஊரறிவே பலம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை 1994இல் நிறுவப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி மாவட்டந்தோறும் அனுப்பிவருவது இந்த உண்மையை உணர்ந்துதான்.

வழங்கும் முறையிலும் ஒரு குறை இருந்தது. பதினெட்டு முதல் நாற்பத்து நான்கு வயதுள்ளவர்கள் கோவின் என்னும் இணையப் பதிவேட்டில் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் விதித்திருந்தனர். கைத்தொலைபேசியில் விரைவாக விரலோட்டத் தெரிந்தவருக்கு இடம் கிடைத்தது; பாவில் விரலோட்டத் தெரிந்தவருக்குக் கிடைக்கவில்லை! மே 24இல்தான் அரசு மையங்களில் நேரே சென்று பதியும் வசதி தரப்பட்டது. ஒரு குப்பியில் பத்துத் தவணைகள். திறந்தபின் நான்கு மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். எந்த நேரத்தில் பத்துப் பேர் ஒருங்கே கூடுவார்கள் என்பது தலைநகரிலுள்ள கணிப்பொறிக்குத் தெரியாது. கிராமச் செவிலியருக்குத் தெரியும். 2021 செப்டம்பர் 12ஆம் தேதி ஞாயிறன்று தமிழ்நாட்டில் சுமார் நாற்பதாயிரம் இடங்களில் முகாம் நடத்தியபோது, ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேற்பட்ட தவணைகள் செலுத்தப்பட்டன. மருந்து மக்களைத் தேடிச் சென்றதன் பயன் இது. நாடு அக்டோபர் 21இல் நூறு கோடித் தவணைகளையும், 2022 ஜூலை 17இல் இருநூறு கோடியையும் எட்டியது. அது பெருமைக்குரிய சாதனை. ஆயினும் அந்த ஏழு வாரங்களின் பாடத்தை அப்பெருமை மறைத்துவிடக் கூடாது.

அரசாங்கம் செய்ய வேண்டியது இருக்கட்டும். நமது சங்கங்கள் செய்யக்கூடியது என்ன? நெசவாளருக்கு ஒரு நாள் வரிசையில் நிற்பது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். ஊசிக்குப்பின் காய்ச்சல் கண்டால் மறுநாளும் தறி ஓடாது. ஆகவே அங்கத்தினர் குடும்பங்களில் உள்ள முதியோர், நோயாளிகள் ஆகியோரின் பட்டியலை ஒவ்வொரு சங்கமும் இப்போதே தயாரித்து ஆண்டுதோறும் திருத்தி வரலாம். நூல் வாங்கவும் துணி ஒப்படைக்கவும் அங்கத்தினர் வரும் நாளிலேயே சங்கக் கட்டடத்தில் முகாம் நடத்த ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி வைக்கலாம். விவசாயிகளுக்கு அறுவடைக் காலத்தில் மாலை நேரமே உகந்தது. இழந்த கூலிக்கு விதிகளுக்கு உட்பட்டு ஒரு சிறு முன்பணம் வழங்குவதைப் பற்றியும் பொதுக்குழு முடிவு செய்யலாம்.

தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் நான் முதலில் கேட்பது இருப்புப் பதிவேட்டை. இனி அதனோடு இந்தப் பட்டியலும் இருக்க வேண்டுமென்று விழைகிறேன். நோய் வந்தபின் பெயர் எழுதத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்கும்படி நிர்வாகக் குழுவினரை வேண்டிக்கொள்கிறேன்.