குதிகால் வலியும் கும்மிடிப்பூண்டி வண்டியும்

காலை நேரத்துக் கும்மிடிப்பூண்டி லோக்கல் வண்டியில், பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அன்று அந்த அதிர்ஷ்டம் எனக்கு எதிரே இருந்த ஓர் அக்காவுக்கு அடித்தது. திருவொற்றியூரில் ஏறியவர், உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா, காலிலே அடி பட்டுவிட்டதா?" என்று விசாரித்தேன்.

"அடியெல்லாம் இல்லேம்மா. காலையிலே எழுந்து முதல் அடி வைச்சா, ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் நடந்தா குறையுது. சிப்காட் கம்பெனியிலே எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்தா, பழையபடி வந்துடுது."

அவர் வீட்டில் இரண்டு வைத்தியர்கள். "ஒரு மாதம் படுத்துக் கிட" என்பது மாமியாரின் சிகிச்சை. "வலியைப் பார்க்காதே, நடந்தால் தானே போய்விடும்" என்பது பக்கத்து வீட்டுக்காரியின் சிகிச்சை. படுத்தால் சம்பளம் போகும். நடந்தால் உயிர் போகிறது. எதைக் கேட்பது?

வாசகிகளே, இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. நம் வீடுகளில் இடுப்பு வலிக்கும், கணுக்கால் சுளுக்குக்கும் இதே இரண்டு வைத்தியந்தான் நடக்கிறது. இரண்டும் முழுச் சரியல்ல. அளவான அசைவுதான் மருந்து.

குதிகாலையே எடுத்துக்கொள்வோம். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை, வில்லில் நாண் கட்டியதுபோல் ஓர் உறுதியான பட்டை உள்ளங்காலில் ஓடுகிறது. சிமெண்டுத் தரையில் மணிக்கணக்காக நின்றால் அதற்குச் சிரமம். இரவில் அசையாமல் கிடந்த அந்தப் பட்டை, காலையில் முதல் அடியில் திடீரென்று இழுபடுகிறது. அதுதான் ஆணி.

எனவே, படுக்கையை விட்டு இறங்கு முன், கையால் கால்விரல்களை முழங்கால் பக்கமாக மெல்ல இழுத்துப் பிடியுங்கள். பத்து முறை போதும். பிறகு ஒரு துண்டைச் சுருட்டி, மாடிப்படியின் விளிம்பில் வையுங்கள். விரல்கள் துண்டின்மேல் இருக்கட்டும். குதிகால் படிக்கு வெளியே இருக்கட்டும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூன்று விநாடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குங்கள். முதலில் இரண்டு கால்களாலும், பழகிய பின் ஒற்றைக் காலாலும் செய்யலாம். ஒன்று விட்டு ஒரு நாள் செய்தால் போதும். 2014இல் டென்மார்க்கில் 48 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, காலை நீட்டி இழுக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இப்படிச் செய்தவர்களுக்கு நல்ல குணம் தெரிந்தது. மூன்று மாதம் என்பதைக் கவனியுங்கள். மூன்று நாளில் மந்திரம் பலிக்காது!

வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளிக்க வேண்டாம். வாசலைத் தாண்டாத மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி தனியாக இருக்கட்டும். மொசைக் தரைக்கு உங்கள் குதிகால்மேல் இரக்கமில்லை.

அடுத்து இடுப்பு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டதா? 1995இல் பின்லாந்தின் ஹெல்ஸிங்கி நகராட்சியில் வேலை பார்த்த 186 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. திடீர் இடுப்பு வலி கண்ட அவர்களில் ஒரு சாராரை இரண்டு நாள் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஒரு சாராருக்கு உடற்பயிற்சி. மற்றவர்களை, வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்க்கச் சொன்னார்கள். முதலில் தேறியவர்கள் இந்தக் கடைசி சாரார்தான்!

கணுக்கால் சுளுக்குக்கு முதல் ஓரிரு நாள் பாரத்தைக் குறைத்து, மீள்கட்டுத் துணி சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். பிறகு மெல்ல நடக்கலாம். வீங்கிய காலை அழுத்தி நீவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். ஓய்வும் ஐஸும் என்ற வைத்தியத்தை 1978இல் பிரபலமாக்கிய அமெரிக்க டாக்டர் மிர்கினே, அளவுக்கு மிஞ்சினால் அவை குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே விவேகம்.

அளவு என்கிறீர்களே, எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மறுநாள் காலையைக் கேளுங்கள்! பயிற்சியின்போது இலேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி அதிகமாக இருந்தால், நேற்றுச் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். காலில் மரத்துப்போதல், பலவீனம், காய்ச்சலுடன் வலி, சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவை இருந்தால் தாமதமின்றி டாக்டரிடம் போங்கள். நீரிழிவால் பாதம் உணர்ச்சி குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது.

இன்னொரு விஷயம். நிற்பதே வேலையானவர்களுக்கு உட்காருவது சோம்பல் அல்ல. நின்று வேலை செய்யும் தொழிலாளர் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. கடைச் சிப்பந்திகளுக்கு 2018இல் கேரளமும், 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி இருக்கை தந்தன. கடைக்குச் சட்டம் வந்துவிட்டது. நம் சமையலறைக்கு எந்தச் சட்டசபை ஸ்டூல் போடப் போகிறது? அதை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

வண்டி மீஞ்சூரைத் தாண்டுவதற்குள் இவற்றையெல்லாம் அந்த அக்காவிடம் சொன்னேன். "மேஸ்திரிகிட்டே ஸ்டூல் கேட்டா, வேலையை விட்டுப் போன்னு சொல்லிட்டா?" என்றார். அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. "ஒருத்தி கேட்டால்தானே அக்கா அப்படிச் சொல்வார்? லைனில் இருக்கும் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்" என்றேன்.

சில வாரங்கள் கழித்து அதே வண்டியில் மறுபடி சந்தித்தேன். காலை வலி பாதி குறைந்திருக்கிறதாம். எட்டுப் பேர் சேர்ந்து கேட்டதில் இரண்டு ஸ்டூல் வந்திருக்கிறதாம். முறை வைத்து உட்காருகிறார்களாம்.

"மாமியார் என்ன சொல்கிறார்?" என்றேன்.

"அவங்களுக்கும் குதிகால் வலிதாம்மா. இத்தனை நாளா சொல்லலே. இப்போ காலையிலே எனக்கு முன்னாலே அவங்க துண்டைச் சுருட்டிக்கிட்டுப் படிக்கட்டுக்குப் போயிடறாங்க!"