மசோதாவுக்கும் சட்டத்துக்கும் நடுவே

சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்ததும் செய்தித்தாள்களில் ஒரு கணக்கு வரும். இத்தனை நாள் அவை நடந்தது, இத்தனை மசோதாக்கள் நிறைவேறின, இத்தனை முறை எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்தது. நம் தொகுதி உறுப்பினர் அந்த மசோதாக்களில் எதைப் படித்தார், எதில் திருத்தம் கேட்டார் என்ற கணக்கு மட்டும் கண்ணில் படுவதே இல்லை.

எண்ணிக்கையைக் கொண்டு ஓர் உறுப்பினரை எடைபோட முடியாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறைக்கு எதிரான அவரது தீர்மானம் அந்த ஆண்டே நிறைவேறியது. கோயில் பணிக்காக தேவதாசிகளுக்கு விடப்பட்டிருந்த இனாம் நிலங்களை அந்தப் பணிக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தம் 1929-இல் வந்தது. பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவையும் கொண்டுவந்தார். ஆனால் 1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார். தடைச் சட்டம் நிறைவேறியது 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில். இடைப்பட்ட காலத்தில் பாதிக்கப்படும் பெண்களின் சங்கங்களே எதிர்ப்பு மனுக்கள் அனுப்பின. வாழ்வாதாரம் பற்றிய அவர்களது அச்சத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒரே ஒரு கூட்டத்தொடரை வைத்து மதிப்பெண் போட்டிருந்தால், முத்துலட்சுமி ரெட்டி சுமாரான உறுப்பினர் என்றுதான் பெயர் வாங்கியிருப்பார்.

இன்றைய உறுப்பினரின் நிலையையும் பார்க்க வேண்டும். 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். அரசு சாராத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா சட்டமாவதும் அரிது. நாடாளுமன்றத்திலேயே ஈரவைகளும் அப்படி ஒன்றை நிறைவேற்றியது கடைசியாக 1970-இல். வாக்காளர்களாகிய நாமும் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குச் சாலை, சாக்கடை, பட்டா என்றுதான் போகிறோம். போக வேண்டியிருக்கிறது, வேறு யாரிடம் போவது? அவரும் அதற்கே நேரத்தைக் கொடுக்கிறார். குறை ஒரு பக்கம் மட்டும் இல்லை.

மசோதாக்களை நிதானமாக ஆராய வேண்டும் என்றால், அரசுத் தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. மக்கள் பெரும்பான்மை கொடுத்தது செயல்படத்தான். எல்லா மசோதாக்களையும் ஆய்வுக்காக உறுப்பினர் குழுவுக்கு அனுப்பினால் வேலை நடக்காது என்பார்கள். உண்மைதான். வெள்ள நிவாரணத்துக்கான சட்டத்தை ஆறு மாதம் ஆறப்போட முடியாது. ஆனால் அவசரத்துக்கும் விலை உண்டு. 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இடதுசாரிகள், விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது, முதலீட்டாளர்கள் நெகிழ்வைக் கேட்கிறார்கள் என்றது அரசு. எட்டு மணி நேர உரிமை கைநழுவிவிடும் என்றன தொழிற்சங்கங்கள். பிறகுதான் அமைச்சர்கள் சங்கங்களை அழைத்துப் பேசினார்கள். ஏப்ரல் 24-இல் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். எதிர்ப்பை மதித்துப் பின்வாங்கியது பாராட்டத்தக்கது. அதே பேச்சு ஏப்ரல் 21-க்கு முன்பே நடந்திருந்தால், இரு தரப்பும் ஏற்கும் வடிவம் ஒன்று கிடைத்திருக்கலாம். குறைந்தபட்சம், எது ஏற்கப்படாது என்பதாவது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 1980 முதல் துறைவாரியாகப் பொருட்குழுக்கள் இருக்கின்றன. அறிமுகமான மசோதா பொதுவாக அங்கே போய்த்தான் அவைக்குத் திரும்புகிறது. அவசரம் என்றால் தாண்டிச் செல்ல அங்கும் வழி உண்டு. இருந்தாலும் கேமரா இல்லாத அறையில் ஆளுங்கட்சி உறுப்பினரும் எதிர்க்கட்சி உறுப்பினரும் பிரிவு பிரிவாகப் பேச ஓர் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் தெரிவுக் குழுவுக்கு அனுப்ப விதி இருக்கிறது. எல்லா மசோதாவையும் அனுப்பச் சொல்லவில்லை. வேலை, நிலம், கல்வி ஆகியவற்றைத் தொடுபவற்றையாவது அனுப்பலாம். மற்றவற்றுக்கு, மத்திய அரசு 2014-இல் வகுத்துக்கொண்ட கொள்கையைப்போல, வரைவை முப்பது நாள் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்கலாம். கூடவே ஒரு பக்கத்தில் எளிய தமிழில் சுருக்கமும் தரலாம்.

கேட்பவர்கள் இருந்தால்தானே கொடுப்பார்கள்? வணிகர் சங்கமோ ஆசிரியர் சங்கமோ போராட்ட அறிவிப்புக்கு முன்னால் தொகுதி உறுப்பினரிடம் இரண்டு பக்க மனு ஒன்றைக் கொடுக்கலாம். எந்தப் பிரிவு, என்ன மாற்றம் என்று தெளிவாக எழுதியிருந்தால், கொறடாவுக்குக் கட்டுப்பட்ட உறுப்பினர்கூட அதைக் கட்சிக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல முடியும். நாமும் அடுத்த முறை சாலைக்காக அவரைப் பார்க்கப் போகும்போது, வரும் கூட்டத்தொடரில் எந்த மசோதா வருகிறது என்று சேர்த்துக் கேட்டுவைக்கலாம். தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்று அவர் சொன்னால் அதுவும் நல்ல பதில்தான். பத்து நாள் கழித்துப் போய் நினைவூட்டுவது நம் வேலை.