மண்ணைத் தோண்டுமுன் மழைக்கு வழி சொல்!

தோழா,

காட்டுப்பாக்கத்துத் தெருமுனையில் நின்று கோடைக்கானலைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பாய். வடக்கே கூவம், தெற்கே அடையாறு. இடையே வாழ்பவன் நீ. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வந்த கோலத்தைக் கண்டவன். மேட்டிலே பெய்வது பள்ளத்துக்காரன் கதவைத்தான் தட்டும் என்பதை உனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. வருவது வெறும் வெள்ளமாயின் வடிந்துபோகும். நஞ்சேறிய மண்ணும் சேர்ந்து வந்தால்?

அந்தக் கேள்விதான் கோடைக்கானலில் எழுந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்து வரப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, 1980களில் அந்த மலைமுகட்டில் குடியேறியது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு முஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டதும் ஊர் கொதித்தெழுந்தது. 2001-இல் ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறிற்று. பாடுபட்ட 591 தொழிலாளர்கள் உடன்பாடு காண 2016 வரை காத்திருந்தனர். மண்ணோ, ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தது!

அது சமவெளி மண்ணன்று, தோழா; சரிவு மண். அதன் கீழே பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்கும் பாம்பாறுதான் கும்பக்கரையில் அருவியாய் விழுந்து பெரியகுளத்துப் பக்கம் ஓடுகிறது. பாதரசம் நீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனமானது. எனினும் பொடிமண்ணைப் பற்றிக்கொண்டால் மழையோடு பயணம் போகும். தேங்கிய சேற்றில் நுண்ணுயிர்கள் அதனை மேலும் கொடிய நஞ்சாக்கும். மீனில் ஏறும், மீனை உண்பவனிலும் ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் உலகம் கண்ட துயரம் அதுதான்.

ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று தூய்மைக்கு அளவு வகுத்தனர். இதனினும் கடுமையான அளவு வேண்டும் என்று மக்கள் பக்கம் நின்றோர் கேட்டனர். மறுமொழி என்ன தெரியுமா? மேலும் தோண்டினால் மரம் சாயும், மண் அரிக்கும் என்பது!

அந்த அச்சம் பொய் என்று நான் சொல்லவில்லை. வேர் போனால் சரிவும் போகும். ஆனால், நோயாளி மெலிந்தவன், ஆகவே நோயில் பாதியை உடலிலேயே விட்டுவைப்போம் என்பாரோ மருத்துவர்? உடலைத் தேற்றிவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குவதன்றோ முறை!

இங்கும் முறை உண்டு. மேலிருந்து வரும் நல்ல நீரை, நச்சு நிலத்தைத் தொடாமல் சுற்றிப்போகச் செய்யும் வாய்க்கால் முதலில். ஓடும் நீரின் வேகத்தை ஒடிக்கும் கல்தடுப்புகள் அடுத்து. வண்டலைப் படியவைத்து வடித்துவிடும் குட்டைகள் அதன்பின். மழையில்லாத மாதங்களில் சிறுசிறு துண்டாகத் தோண்டி, தோண்டிய இடத்தை அன்றன்றே மூடி, புல்லும் சோலை மரமும் நட்டு, கீழே ஓடும் நீரைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். செலவு ஆகும், ஆகட்டுமே! ஆதாயம் கண்டவர்தானே அதனைச் செலுத்த வேண்டும்?

அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஆலைகள் உள்ளன. அவற்றில் ஒன்று மூடப்படும் நாளில், பூட்டிய கதவுக்கு முன்னே நின்று தொழிலாளியின் நிலுவையைக் கேள். அது உன் கடமை. அதே மூச்சில் இன்னொன்றும் கேள்: "இந்த மண்ணில் என்ன இருக்கிறது? அடுத்த மழை அதை எங்கே கொண்டுபோகும்?"

விடை எழுத்தில் வரும்வரை, தோழா, வாயிலைவிட்டு நகராதே!