காலடியில் கொஞ்சம் கணக்கு

டவுன் பஸ்ஸில் ஒரு குண்டு ஆசாமி உங்கள் காலை மிதித்தால் என்ன செய்வீர்கள்? 'யோவ், கண்ணு தெரியலையா?' என்று கத்துவீர்கள். கத்த முடிகிறதே என்று சந்தோஷப்படுங்கள். ரொம்ப வருஷமாகச் சர்க்கரை வியாதி இருந்து, பாதத்து நரம்பு கெட்டுப்போனவர்களுக்கு அந்த பாக்கியம் இல்லை. ஷூவுக்குள் ஒரு ஜல்லிக்கல்லோடு நாள் பூரா நடப்பார்கள். ராத்திரி ஸாக்ஸைக் கழற்றினால் ரத்தம். ஆறாத புண். கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும்படி ஆகலாம்.

வேலூர் சி.எம்.சி.க்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட் (கொல்லிமலையில் பிறந்தவர்) தொழுநோயாளிகளிடம் இதைத்தான் பார்த்தார். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் காயப்படுகிறது. பிற்பாடு அமெரிக்காவில் கார்வில் ஆஸ்பத்திரியில் எலியின் பாதத்தில் மெஷினை வைத்து, மிதமான அழுத்தத்தையே நாள்தோறும் ஆயிரக்கணக்கான தடவை கொடுத்துப் பார்த்தார்கள். புண் வந்தது. அதாவது கல், ஆணிகூட வேண்டாம். வெறும் நடையே போதும்.

சரி, அழுத்தம் எங்கே அதிகம்? ஸென்ஸார் வைத்த பாயில் நடக்க விட்டு அளக்கலாம். ஆனால் பாய்க்குத் தெரிவது தோலின் வெளிப்பக்கம் மட்டும். விபரீதம் நடப்பது உள்ளே, எலும்பின் முனை சதையைக் குத்தும் இடத்தில். அங்கே மீட்டர் வைக்க யார் விடுவார்கள்?

அதனால்தான் கம்ப்யூட்டர். ஸ்கேன் படங்களிலிருந்து 26 எலும்பு, தசைநார், கொழுப்பு எல்லாவற்றையும் குட்டிக்குட்டித் துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எவ்வளவு தள்ளும் என்று சமன்பாடு போட்டு மொத்தமாகத் தீர்க்கிறார்கள். 'ஃபைனைட் எலிமென்ட்' என்று 1960-ல் ரே க்ளஃப் பெயர் வைத்த முறை. விமான இறக்கைக்குப் போடும் அதே கணக்குதான்.

அலுமினியம் சமத்து. இரண்டு மடங்கு இழுத்தால் இரண்டு மடங்கு நீளும். சதை அப்படியில்லை, வீட்டு ஓனர் மாதிரி. முதலில் விட்டுக்கொடுக்கும், ஓர் அளவுக்கு மேல் இறுகிவிடும். மெதுவாக அழுத்தினால் ஒரு குணம், வேகமாக அழுத்தினால் வேறு குணம்.

குதிகால் கொழுப்பு இன்னும் விசேஷம். தொப்பைக் கொழுப்பு மாதிரி சோம்பேறியல்ல. தேன்கூடு போன்ற நார் அறைகளுக்குள் அடைபட்டிருப்பதால், மிதிக்கும்போது பக்கவாட்டில் பிதுங்கி ஓட முடியாமல் அங்கேயே நின்று அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சர்க்கரை நாள்பட்டால் இந்தத் திசுக்கள் விறைக்கின்றன. அந்த விறைப்பைக் கணக்கில் ஏற்றினால், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்புத் தலைகளின் கீழே, ஆழத்தில், திரையில் சிவப்பாகத் தெரிகிறது. அங்கே எவ்வளவு தடிமனில், எவ்வளவு மெத்தென்று அட்டை வைக்கலாம் என்று நூறு தடவை மாற்றிப் பார்க்கலாம். நிஜ நோயாளியிடம் 'இந்தச் செருப்பில் நடங்க, புண் வருதா பார்ப்போம்' என்று சொல்ல முடியுமா?

ஆனால் கலர் படத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. பல மாடல்கள் ஒரே ஒரு ஆளின் பாதத்தை வைத்துக் கட்டியவை. சதையின் குணத்துக்கான எண்கள் பெரும்பாலும் வேறு யாருடைய பாதத்திலோ அளந்தவை. அவர் சதை அவருக்கு, நம் சதை நமக்கு. ஆளுக்கு ஆள் அளந்து, மலிவாகச் செருப்பு வருகிற வரை இது பாதி வேலைதான் என்பது என் கட்சி.

வீட்டில் பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடும் அப்பா இருந்தால், இன்று ராத்திரி அவர் பாதத்தின் அடிப்பக்கத்தை நீங்கள் பாருங்கள். அவருக்குக் குனிய வராது, 'ஒண்ணுமில்லப்பா' என்பார். அப்படியே அவர் ஷூவுக்குள்ளும் கையை விட்டுத் தடவிவிடுங்கள்.