பழைய ரிசீவரை மாற்றலாமா, வேண்டாமா?

ஹாலில் டிவி மாறியிருக்கும். டிவி ஸ்டாண்ட் மாறியிருக்கும். டிவிடி பிளேயர் போய் விரல் நீளத்தில் ஒரு ஸ்டிக் வந்திருக்கும். ஆனால் கீழ்த்தட்டில் கறுப்பாக, கனமாக, தலையில் ஒரு பின்னல் துணியும் அதன் மேல் ஒரு பூ ஜாடியும் சுமந்துகொண்டு அந்த ரிசீவர் மட்டும் அப்படியே இருக்கும். 2000-களின் நடுவில் ஆசை ஆசையாக ஹோம் தியேட்டர் வாங்கிய வீடுகளில் இன்றும் பார்க்கக் கிடைக்கிற காட்சி இது. (முதல் வேலையாக அந்தத் துணியை எடுத்துவிடுங்கள். அது மூடியிருப்பது சூடு வெளியேறும் துளைகளை!)

புது 4கே டிவி வந்த மறுநாள் பேச்சு ஆரம்பிக்கும்.

"இந்தப் பழசு எதுக்குப்பா இன்னும்? இதையும் மாத்திடலாம்" என்பான், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான மகன்.

"பாட்டு நல்லாத்தானேடா கேக்குது. முப்பதாயிரம் குடுத்து வாங்கினது" என்பார் அப்பா.

இரண்டு பேர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டு பேர் கணக்கிலும் பாதி தப்பும் இருக்கிறது. அதனால்தான் இந்த விவாதம் எந்த வீட்டிலும் சீக்கிரம் முடிவதில்லை.

ஒரு பெட்டி, மூன்று வேலை

ரிசீவர் என்பது ஒரே பொருள் போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வேலைகள் நடக்கின்றன. டிவிடி, செட் டாப் பாக்ஸ், கேம் கன்சோல் என்று வருகிற எல்லா வயர்களையும் வாங்கிக்கொண்டு, கேட்டதை டிவிக்கு அனுப்புவது ஒன்று. டால்பி, டிடிஎஸ் என்று சுருக்கி வைக்கப்பட்ட ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர் ஸ்பீக்கராகப் பங்கு போடுவது இரண்டு. அந்தச் சின்ன சிக்னலை ஸ்பீக்கரை அதிரவைக்கும் அளவுக்குப் பெரிதாக்குவது மூன்று.

இந்த மூன்றுக்கும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது வேலையான ஆம்ப்ளிஃபையருக்கு வயதே ஆகவில்லை என்று சொல்லலாம். 2005-ல் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்டுச் செய்த ஆம்ப்ளிஃபையர் இன்றும் நல்ல ஆம்ப்ளிஃபையர்தான். "அது 80 வாட், இது 100 வாட்" என்று கடையில் சொன்னால் மயங்க வேண்டாம். வாட் இரண்டு மடங்கானால் ஒலி ஏறுவது வெறும் 3 டெசிபல். 80-லிருந்து 100-க்குப் போனால் ஏறுவது சுமார் 1 டெசிபல். காதுக்கு அது தெரிந்தாலே அதிசயம். "இரண்டு மடங்கு சத்தம்" என்று காது உணர வேண்டுமானால் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. அட்டைப் பெட்டியில் "5000 வாட் பிஎம்பிஓ" என்று போட்டு விற்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வாட் விளையாட்டு புதிதல்ல.

இரண்டாவது வேலைக்குக் கொஞ்சம் வயதாகியிருக்கிறது. டால்பி டிஜிட்டல் 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடும், டிடிஎஸ் 1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடும் தியேட்டருக்கு வந்தவை. டிவிடி காலத்து ரிசீவருக்கு இந்த இரண்டும் தெரிந்தால் போதும். 2006-ல் ப்ளூ-ரே வந்தபோது டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி என்று ஒலியைச் சிதைக்காமல் சுருக்கும் முறைகள் வந்தன. பிறகு டால்பி அட்மாஸ். 2012-ல் 'பிரேவ்' படம் அதைத் தொடங்கிவைத்தது. அதே வருடம் டிசம்பரில் 'சிவாஜி'யின் முப்பரிமாணப் பதிப்பு இந்தியாவின் முதல் அட்மாஸ் படமாக வந்தது. வீட்டு ரிசீவர்களில் அட்மாஸ் நுழைந்தது 2014-ல்.

முதல் வேலைக்குத்தான் நிஜமாகவே கிழடு தட்டிவிட்டது. எச்டிஎம்ஐ 2002 டிசம்பரில் வந்தது. 2009-ல் 1.4, 2013-ல் 2.0, 2017-ல் 2.1 என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய பெட்டி ஒரு படி பின்தங்கியது. 2006 மாடல் ரிசீவர் வழியாக 4கே படம் போகவே போகாது.

சுற்றுப்பாதை இருக்கிறது

ஆனால் படம் ஏன் ரிசீவர் வழியாகப் போக வேண்டும்? ஸ்டிக், கன்சோல் எல்லாவற்றையும் நேராக டிவியில் சொருகிவிட்டு, டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஒரே ஒரு வயரை ரிசீவருக்குக் கொண்டுவந்தால் போதும். டால்பி டிஜிட்டல் 5.1 அதில் தாராளமாக வரும். சில நூறு ரூபாய் செலவு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பல டிவிகளில் சவுண்ட் செட்டிங்கில் 'பிசிஎம்' என்று இருக்கும். அப்படி இருந்தால் ஆப்டிகலில் இரண்டு சேனல்தான் வரும். பின் ஸ்பீக்கர்கள் தூங்கும். அதை 'டால்பி டிஜிட்டல்' அல்லது 'ஆட்டோ' என்று மாற்ற வேண்டும். "ரிசீவர் போயிடுச்சு, சரவுண்டே வரலை" என்ற புகாரில் குற்றவாளி சில சமயம் இந்த ஒரு செட்டிங்தான் :-)

ஆப்டிகலுக்கு எல்லை உண்டு. ட்ரூஎச்டி, அட்மாஸ் இதில் வராது. சில டிவிகள் எச்டிஎம்ஐயில் வரும் 5.1-ஐ ஆப்டிகலில் இரண்டு சேனலாக்கித் தள்ளிவிடும். ப்ளூ-ரே வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி: பழைய ரிசீவரின் பின்பக்கம் 5.1 அனலாக் இன்புட் (ஆறு ஆர்சிஏ துளைகள்) இருந்து, பிளேயரிலும் அதே மாதிரி அவுட் இருந்தால், ஒலியைப் பிரிக்கும் வேலையைப் பிளேயரே பார்த்துக்கொள்ளும். ரிசீவர் வெறும் ஆம்ப்ளிஃபையராக வேலை செய்யும்.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

அப்பாவின் வாதத்தில் தப்பு எங்கே? "முப்பதாயிரம் குடுத்தது" என்பதில். அந்தப் பணம் போயே போய்விட்டது. மாற்றினாலும் திரும்பாது, மாற்றாவிட்டாலும் திரும்பாது. முதலாமாண்டு காமர்ஸ் மாணவன் படிக்கும் மூழ்கிய செலவு இதுதான். இனி எடுக்கிற முடிவில் அதற்கு இடமே இல்லை.

மகனின் வாதத்தில் தப்பு எங்கே? "பழசு" என்பதில். வருடம் 15 சதவீதம் என்று குறைந்து செல் முறையில் தேய்மானம் எழுதினால், 30,000 ரூபாய்ப் பொருள் 18 வருடத்தில் 1,600 ரூபாய்ச் சொச்சத்துக்கு வந்துவிடும். ஆனால் அது புத்தகத்தில் இருக்கும் மதிப்பு. ஹாலில் கேட்கும் பாட்டுக்கு அந்தப் புத்தகம் தெரியாது. மதிப்பு தேய்ந்துவிட்டது என்பதற்காகப் பயனும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

"புதுசு கரண்ட்டை மிச்சம் பண்ணுமே?" என்ற கேள்வியும் வரும். 20 வாட் மிச்சம், தினமும் 4 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் வருடத்துக்கு 29 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றே போட்டாலும் 290 ரூபாய். 60,000 ரூபாய் ரிசீவரின் விலை திரும்பி வர இருநூறு வருடத்துக்கு மேல் ஆகும். பேரனின் பேரன் லாபம் பார்க்கலாம்.

நிஜமான கேள்வி வாய்ப்புச் செலவு. அதே 60,000 வேறு எங்கே போனால் அதிக சுகம்? ஒலி விஷயத்தில் வரிசை இதுதான்: ஸ்பீக்கர், அறை, அப்புறம்தான் ரிசீவர். சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையுமான நம்மூர் ஹாலில் கை தட்டிப் பார்த்தால் எதிரொலி கேட்கும். எந்த ரிசீவர் வைத்தாலும் அந்த எதிரொலி போகாது. கனமான திரைச்சீலையும் ஒரு கம்பளமும் செய்கிற மாற்றத்தைப் புது ரிசீவர் செய்யாது. ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஓரடி வெளியே இழுத்து வைப்பதற்குக் காசே கிடையாது.

ஒலிக்கு வெளியேயும் வரிசை உண்டு. முதல் சம்பளக்காரனுக்கு 60,000 என்பது சில மாதச் சேமிப்பு. அதே வீட்டில் தங்கை காலேஜில் இருந்தால் அவள் செமஸ்டர் ஃபீஸும் அதே பணத்திலிருந்துதான் வரவேண்டியிருக்கும்.

பில்லில் வராத செலவுகள்

அட்மாஸ் ஆசையில் ரிசீவர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அது முதல் தவணை மட்டுமே. தலைக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். அதற்கு வயர் இழுக்க வேண்டும். வாடகை வீட்டில் கூரையில் துளை போட ஹவுஸ் ஓனர் சம்மதிக்க வேண்டும் (அதற்கு அட்மாஸே தேவலை). நெட்ஃப்ளிக்ஸில் அட்மாஸ் பிரீமியம் திட்டத்தில் மட்டும்தான். அது மாதா மாதம் வரும் செலவு.

புதிது என்றால் பிரச்சினையே இருக்காது என்பதும் இல்லை. 2020-ல் எச்டிஎம்ஐ 2.1 என்று சொல்லி வந்த டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்கள் சிலவற்றில், புது எக்ஸ்பாக்ஸின் 4கே 120 பிரேம் படம் சரியாகப் போகவில்லை. உள்ளே இருந்த சிப்பில் கோளாறு. டெனானும் மராண்ட்ஸும் தனியாக ஒரு குட்டிப் பெட்டி கொடுத்துச் சமாளித்தன. முதல் வரிசையில் நின்று வாங்குகிறவர்தான் முதல் அடியும் வாங்குகிறார்.

அப்படியானால் எப்போது மாற்றலாம்?

எப்போதும் மாற்றவே கூடாது என்று சொல்வது கருமித்தனம். இந்த நான்கில் ஒன்று இருந்தால் மாற்றுவது நியாயம்.

1. ஒரு சேனல் செத்துவிட்டது, ரிப்பேர் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டுகிறது. (வால்யூம் திருகினால் கரகரப்பு, ரிலே சரியாக ஒட்டாமை, கெப்பாசிட்டர் உப்புதல், உள்ளே செத்த பல்லி போன்றவை நல்ல மெக்கானிக்கிடம் சின்ன வேலைகள். அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம்.)

2. டிவியில் ஆப்டிகல் அவுட்டே இல்லை, அல்லது அதில் 5.1 வருவதில்லை. அப்போது ஏஆர்சி, இஏஆர்சி உள்ள ரிசீவர் தேவைதான்.

3. சொந்த வீடு, மேல் ஸ்பீக்கருக்கு இடம், பணம் மூன்றும் இருக்கிறது. அட்மாஸ் வித்தியாசம் நிஜம். ஹெலிகாப்டர் தலைக்கு மேலேதான் போகும்.

4. அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் வசதி பழையதில் இல்லை. மைக் வைத்து அறையை அளந்து திருத்தும் ஆடிஸி, ஒய்பாவோ, டிராக் போன்றவை உண்மையான முன்னேற்றம். வாட்டைவிட இதற்குக் காசு கொடுப்பது புத்திசாலித்தனம்.

இனி அந்த அப்பாவையும் மகனையும் கவனிக்கலாம். உட்கார வைத்து விசாரித்தால் அப்பாவுக்கு இருக்கும் குறை அட்மாஸ் அல்ல. "வசனம் சரியாப் புரியலை, பாட்டு வந்தா காது கிழியுது." வயதானவர்கள் இருக்கும் பல வீடுகளில் இதே புலம்பல்தான். மருந்து பழைய ரிசீவரிலேயே இருக்கிறது. சென்டர் ஸ்பீக்கரின் அளவை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றலாம். பல ரிசீவர்களில் 'நைட்' அல்லது 'மிட்நைட்' என்று ஒரு வசதி இருக்கும். அது சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கும். அவ்வளவுதான். மகன் தன் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்க நினைத்த சுகம், ரிமோட்டில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடலாம்.

ஆகவே வழி இதுதான். காசில்லாத வேலைகளை முதலில் செய்துவிட்டு ஒரு மாதம் கேளுங்கள். அதற்குப் பிறகும் குறை இருந்தால், அது என்ன குறை என்று ஒரே வாக்கியத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத முடிந்தால் அந்தக் குறையைத் தீர்க்கும் பெட்டியை வாங்குங்கள். எழுத முடியவில்லை என்றால் அது குறை இல்லை, ஆசை. ஆசைப்படுவது தப்பில்லை, ஆனால் அதைத் தேவை என்ற தலைப்பில் பற்று எழுதினால் கணக்கு உதைக்கும்.