ஆகாயத்துக்கு அப்பால் ஒரு பட்டாளம்

தரையிலே சண்டையிடத் தரைப் படை. கடலிலே சண்டையிடக் கப்பற் படை. ஆகாயத்திலே சண்டையிட விமானப் படை. இவை மூன்றும் போதாதென்று, காற்றே இல்லாத வெளியில் யுத்தம் செய்வதற்கென்று தனியாக ஒரு படையை அமெரிக்க சர்க்கார் 2019-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி உண்டாக்கிற்று. வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஆண்ட்ரூஸ் தளத்தில் ஜனாதிபதி டிரம்ப் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1947-ல் விமானப் படை தனியாகப் பிரிந்த பிறகு அந்த நாட்டில் முளைத்த முதல் புதுப் படை இது. இதற்குப் பெயர் விண்வெளிப் படை.

தறி ஓட்டுகிறவருக்கும் நாற்று நடுகிறவருக்கும் இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்தச் சட்டம் நிறைவேறிய கதையைக் கேட்டால் அக்கறை தானாக வரும்.

2019-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் டெமாக்ரட் கட்சிக்குப் பெரும்பான்மை. அவர்கள் சம்மதமின்றி ராணுவ மசோதா நகராது. அப்போது ஒரு பேரம் நடந்தது. மத்திய சர்க்கார் ஊழியர்களுக்குக் குழந்தை பிறந்தால் 12 வாரம் சம்பளத்துடன் விடுப்பு: இது டெமாக்ரட்டுகளுக்கு. விண்வெளிப் படை: இது டிரம்ப்புக்கு. இரண்டையும் ஒரே மசோதாவில் கட்டி, 73,800 கோடி டாலர் ராணுவச் செலவுக்கு நடுவிலே செருகி நிறைவேற்றினார்கள். சுமார் 20 லட்சம் ஊழியர்களுக்கு அந்த விடுப்பு கிடைத்தது. கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெற்ற பிள்ளையை மடியில் வைத்திருக்கத் தாய்க்கு உரிமை வேண்டுமென்றால், ஆகாயத்தில் ஒரு பட்டாளத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது! அதுவும் சர்க்கார் ஊழியர்களுக்கு மட்டும். தனியார் கம்பெனியில் பாடுபடும் அமெரிக்கத் தொழிலாளிக்கு, நாடு முழுவதற்குமான சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்புச் சட்டம் இன்றுவரை இல்லை. 1993-ல் வந்த சட்டம் கொடுத்தது 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு. நம் நாட்டில் 1961-லேயே இதற்குச் சட்டம் வந்தது. 2017-ல் அது 26 வாரமாக உயர்ந்தது. வயல் வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு அது காகிதத்தில்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

சரி, அந்தப் பட்டாளம் என்ன செய்கிறது? பெயரைக் கேட்டால் வீரர்கள் கவசம் அணிந்து விண்ணில் மிதக்கிறார்கள் என்று தோன்றும். அப்படி ஒன்றுமில்லை. கொலராடோ மாகாணத்துத் தளங்களில், கட்டடத்துக்குள்ளே, திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து செயற்கைக்கோள்களைக் கவனிக்கிறார்கள். சுமார் 20,000 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்களை நடத்துவது அவர்கள் வேலை. ராமேசுவரத்து விசைப்படகில் கரைக்கு வழி காட்டும் கருவிக்குக்கூட அந்தக் கோள்கள்தான் ஆதாரம். ஏவுகணை எங்காவது கிளம்பினால் கண்டுபிடித்து எச்சரிப்பதும், ராணுவச் செய்திகளை அனுப்புவதும் அவர்கள் பொறுப்பு. இவை உபயோகமான வேலைகள், தேர்ச்சி தேவைப்படுகிற வேலைகள். இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இந்த வேலைகள் 2019-ல் ஆரம்பித்தவையல்ல. 1982-லேயே விமானப் படைக்குள் விண்வெளிக் கமாண்டு என்ற பிரிவை ஏற்படுத்தி இதையெல்லாம் நடத்தி வந்தார்கள். அதே ஆட்கள், அதே அறைகள், அதே திரைகள். மேலே மாட்டிய பலகைதான் மாறிற்று. வாண்டன்பர்க் விமானப் படைத் தளம் 2021-ல் வாண்டன்பர்க் விண்வெளிப் படைத் தளமாயிற்று. படையினருக்குக் ‘காவலர்கள்’ என்று 2020 டிசம்பரில் பெயர் சூட்டினார்கள். தனிப் படை வேண்டும் என்ற பேச்சு 2017-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் எழுந்தபோது, டிரம்ப்பின் சொந்த ராணுவ மந்திரியான ஜெனரல் மாட்டிஸே அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். நிர்வாகச் சுமையைக் குறைக்கப் பார்க்கும் சமயத்தில் இன்னொரு படையும் அதிகார அடுக்கும் எதற்கு என்பது அவர் வாதம். டிரம்ப்போ, முதலில் விளையாட்டாகச் சொன்னேன், பிறகு நல்ல யோசனையாகத் தோன்றியது என்று 2018 மார்ச்சில் சிப்பாய்கள் கூட்டத்தில் தாமே சொன்னார். அந்த விளையாட்டுக்குத்தான் இப்போது வரி கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள்.

தனிப் படை வேண்டுமென்பவர்கள் சொல்வதையும் கேட்போம். விமானப் படையில் விமானிகள் சொல்வதுதான் சட்டம். செயற்கைக்கோளுக்கென்று கேட்ட பணம் போர் விமானத்துக்குப் போய்விடும். விண்வெளி வேலை தெரிந்தவனுக்கு உயர்ந்த பதவி கிடைக்காது என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. பெரிய இலாகாவுக்குள் சிறிய இலாகா மாற்றாந்தாய்ப் பிள்ளைதான். இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. 2007-ல் சீனா தன் பழைய வானிலைக் கோள் ஒன்றை ஏவுகணையால் அடித்து நொறுக்கிற்று. 2021-ல் ரஷ்யாவும் அப்படியே செய்தது. நம் கோள்களையும் நாளை அடிக்கலாமே, யார் காப்பது என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குத் தனிப் பட்டாளம் பதிலாகுமா?

வயலுக்குக் காவல் போட்டால் மாட்டை விரட்டலாம். விண்வெளியில் விரட்டுவதற்கு வழியில்லை. அங்கே ஒரு கோளை உடைத்தால் அது கீழே விழுந்து ஒழிவதில்லை. ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறி, துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. சீனா உடைத்த கோளிலிருந்து கணக்கெடுக்கக் கூடிய துண்டுகளே 3,000-க்கு மேல். உயரம் அதிகமானதால் பெரும் பகுதி இன்னும் அங்கேதான் சுற்றுகிறது. ரஷ்யா 2021 நவம்பரில் உடைத்த கோளிலிருந்து 1,500-க்கு மேல். அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் உயிருக்குப் பயந்து தங்கள் கலங்களுக்குள் ஒதுங்கினார்கள். அந்த ஏழு பேரில் இருவர் ரஷ்யர்கள்! அந்தத் துண்டுக்கு எதிரி யார், சிநேகிதன் யார் என்று தெரியாது. ஊர்ப் பொது ஏரியில் விஷத்தைக் கலந்துவிட்டு என் பங்குத் தண்ணீருக்குக் காவல் போட்டிருக்கிறேன் என்று எவனாவது சொன்னால் எப்படியிருக்கும்?

இந்தப் பாடம் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1962 ஜூலையில் பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோ மீட்டர் உயரத்தில் ஓர் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள். சுமார் 1,400 கிலோ மீட்டருக்கு அப்பாலிருந்த ஹோனலூலு நகரில் தெருவிளக்குகள் அணைந்தன. வெடிப்பினால் உண்டான கதிர்வீச்சு பல கோள்களைக் கெடுத்தது. கெட்டவற்றில் ஒன்று, அமெரிக்காவின் நேச நாடான பிரிட்டனின் முதல் செயற்கைக்கோள். அப்படிப்பட்ட வெடிப்பை அதன்பின் நிறுத்தியது எது? எந்தப் படையும் இல்லை. 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். கியூபா நெருக்கடியில் உலகமே எரிந்திருக்கக் கூடிய நிலையிலிருந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த நேரத்திலேயே இது சாத்தியமாயிற்று. 1967-ல் விண்வெளி ஒப்பந்தம் வந்தது. அணு ஆயுதத்தைச் சுற்றுப்பாதையில் நிறுத்தக் கூடாது, சந்திரனில் ராணுவத் தளம் கட்டக் கூடாது என்று அது விதித்தது. அதில் ஓட்டையும் இருக்கிறது: பேரழிவு ஆயுதமல்லாத மற்ற ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் வைக்க அது தடை சொல்லவில்லை. அடைக்க வேண்டியது அந்த ஓட்டையைத்தான். அதை அடைக்காமல், ஓட்டைக்கு நேரே ஒரு பட்டாளத்தைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

தனிப் படை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கென்று தனிப் பசியும் வந்துவிடும். மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாக ஓர் இலாகாவைத் திறந்து அதற்கு ஒரு மானேஜரைப் போடட்டும். முதல் வருஷம் மேஜை நாற்காலி கேட்பார். இரண்டாம் வருஷம் ஆள் கேட்பார். மூன்றாம் வருஷம், தம் இலாகா இல்லாவிட்டால் மில்லே நின்றுவிடும் என்று எழுதிக் கொடுப்பார். விண்வெளிப் படைக்கு 2021-ம் ஆண்டு பட்ஜெட்டில் கேட்ட தொகை 1,540 கோடி டாலர். 2024-ல் ஒதுக்கியது சுமார் 2,900 கோடி டாலர். அந்த ஆண்டு சட்டம் அனுமதித்த சீருடைக்காரர்களோ 9,400 பேர்தான். அப்படியானால் பணம் எங்கே போகிறது? சிப்பாயின் சம்பளத்துக்கு அல்ல. 2025 ஏப்ரலில் ராணுவக் கோள்களை ஏவுவதற்கு 1,370 கோடி டாலர் கான்ட்ராக்ட் கொடுத்தார்கள். ஈலான் மஸ்க்கின் கம்பெனிக்குச் சுமார் 590 கோடி. போயிங்கும் லாக்ஹீட் மார்ட்டினும் கூட்டாக நடத்தும் கம்பெனிக்குச் சுமார் 540 கோடி. அமேசான் முதலாளி பெசோஸின் கம்பெனிக்குச் சுமார் 240 கோடி. உலகத்தின் பெரும் பணக்காரர்கள் இருவர் இந்த வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய நாஸா, ராணுவத்துக்கு வெளியே சிவில் ஸ்தாபனமாக 1958-ல் உண்டாக்கப்பட்டது. ஜெனரலாக இருந்து ஜனாதிபதியான ஐசனோவரே அப்படித்தான் இருக்க வேண்டுமென்று நினைத்தார். அந்த நாஸாவுக்கு 2024-ல் ஒதுக்கியது சுமார் 2,490 கோடி டாலர். ஆக, பிறந்து ஐந்து வயதுகூட நிரம்பாத பட்டாளம், 65 வயதான விஞ்ஞான ஸ்தாபனத்தை முந்திவிட்டது.

பசி இதோடும் நிற்கவில்லை. 2025 மே மாதம், அமெரிக்கா முழுவதையும் ஏவுகணைகளிலிருந்து காக்கப் ‘பொன் கூரை’ ஒன்று போடப் போவதாக டிரம்ப் அறிவித்தார். செலவு 17,500 கோடி டாலர் என்றார். பொறுப்பை விண்வெளிப் படையின் துணைத் தலைவரான ஜெனரலிடம் கொடுத்தார். ஏவுகணையை அடிக்கும் ஆயுதங்களை விண்ணிலேயே நிறுத்துவது அந்தத் திட்டத்தில் ஒரு பகுதி. அந்த ஒரு பகுதிக்கு மட்டும் இருபது ஆண்டில் 16,100 கோடியிலிருந்து 54,200 கோடி டாலர் வரை ஆகலாம் என்று காங்கிரஸ் சபையின் பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டது. 1983-ல் ரீகன் சொன்ன பழைய கனவுதான் இது. அப்போதும் கோடி கோடியாகக் கொட்டினார்கள், கூரை எழும்பவில்லை. 2025 ஜூலை 4-ந் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தில் இந்தக் கூரைக்கு முதல் தவணை சுமார் 2,500 கோடி டாலர் இருந்தது. ஏழைகளின் வைத்திய உதவித் திட்டத்தில் பெரிய வெட்டும் அதே சட்டத்தில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தால் 2034-க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் கூடுதலாக வைத்திய இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களாவார்கள் என்று அதே அலுவலகம் மதிப்பிட்டது. தலைக்கு மேல் பொன் கூரை. கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு மருந்துச் சீட்டு இல்லை.

மற்ற நாடுகள் சும்மா இருந்தனவா? இல்லை. ரஷ்யா தனியாக வைத்திருந்த விண்வெளித் துருப்புகளை, சுற்றி வளைத்துவிட்டு 2015-ல் விமானப் படையோடு சேர்த்து ஒன்றாக்கிற்று. தனிப் படையை அனுபவித்துப் பார்த்த நாடு அதைக் கலைத்தது என்பது கவனிக்கத்தக்கது. சீனாவோ 2024 ஏப்ரலில் தன் விண்வெளிப் பிரிவைத் தனியாக நிறுத்திற்று. விண்ணில் ஆயுதம் வைப்பதைத் தடுக்க ஒப்பந்த நகல் ஒன்றை ரஷ்யாவும் சீனாவும் 2008-ல் ஜினீவாவில் கொடுத்தன. அமெரிக்கா தட்டிக் கழித்தது. சரி, கோள்களை ஏவுகணையால் உடைக்கும் சோதனை வேண்டாம் என்று 2022 டிசம்பரில் ஐ.நா. சபையில் தீர்மானம் வந்தபோது? 155 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த 9 நாடுகளில் ரஷ்யாவும் சீனாவும் இருந்தன. 2024 ஏப்ரலில், விண்ணில் அணு ஆயுதம் வைக்க வேண்டாம் என்ற தீர்மானத்தைப் பாதுகாப்புச் சபையில் ரஷ்யா ரத்து அதிகாரத்தால் வீழ்த்திற்று. அந்தத் தீர்மானம் அரைகுறையானது, எல்லா ஆயுதங்களையும் தடுக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அரைகுறைத் தடையைவிட முழுத் தடை நல்லதுதான். ஆனால் அரைகுறையையும் வேண்டாமென்று தள்ளுவதால் யாருக்கு லாபம்? கான்ட்ராக்ட் வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான்.

நம் சர்க்கார் என்ன செய்தது? 2019 மார்ச் 27-ந் தேதி, பொதுத் தேர்தல் வாக்குப்பதிவு தொடங்கப் பதினைந்தே நாள் இருக்கும்போது, நம் கோள் ஒன்றை நாமே ஏவுகணையால் உடைத்ததைப் பிரதமர் மோடி தொலைக்காட்சியில் அறிவித்தார். உயரம் சுமார் 300 கிலோ மீட்டர்தான், துண்டுகள் சில வாரங்களில் விழுந்துவிடும் என்றார்கள். பெரும்பாலானவை விழுந்தன, சில ஓராண்டுக்கு மேலும் சுற்றின. அதே ஆண்டில், முப்படைகளுக்கும் பொதுவாகப் பெங்களூரில் விண்வெளி ராணுவ ஸ்தாபனம் ஒன்று அமைத்தார்கள். தனிப் படை அளவுக்கு அது போகவில்லை. அந்த மட்டில் சரி. இருக்கும் கோள்களைக் கவனிக்க அது போதும்.

ஆனால் 2022-ல் அந்த ஐ.நா. தீர்மானத்துக்கு 155 நாடுகள் கை தூக்கியபோது, இந்தியப் பிரதிநிதி கை தூக்கவில்லை. நடுநிலை என்று ஒதுங்கிவிட்டார். ராமேசுவரத்து மீனவனுக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கும் கோளும், விவசாயிக்கு மழை சொல்லும் கோளும் அந்தக் குப்பை பறக்கும் வெளியில்தான் சுற்றுகின்றன. உடைக்க மாட்டோம் என்று சொல்வதில் இந்தியாவுக்கு என்ன நஷ்டம்? நமக்கும் ஒரு விண்வெளிப் படை வேண்டுமென்ற பேச்சு டில்லியில் அவ்வப்போது எழுகிறது. அப்படி ஒரு மசோதாவை யாராவது தூக்கிக் கொண்டு வந்தால், முதலில் அந்த நடுநிலை வாக்குக்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.