ஒளித்து வைத்த பேசியை யார் துடைப்பது?

தாதிமை மாணவிகள் வார்டுக்குள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டுவது சுலபம். கிள்ளானிலிருந்து விடியலில் கொமுட்டர் ஏறி காலை ஷிப்டுக்கு ஓடிவரும் பிள்ளை அதை வீட்டிலா வைத்துவிட்டு வருவாள்?

நான் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்று, பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவள். எங்கள் காலத்தில் மார்பில் தலைகீழாக ஒரு கடிகாரம் தொங்கும். மணிக்கட்டில் எதுவும் கட்டக் கூடாது, ஆனால் நாடி பார்க்க விநாடி முள் வேண்டுமே! இன்று அந்த வேலையைப் பேசி செய்கிறது. மருந்தில் சந்தேகம் வந்தால் மிம்ஸ் செயலி. 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. எனக்கு அது மனக்கணக்கு; அவள் தட்டிப் பார்க்கிறாள். தட்டிப் பார்ப்பவளை நான் திட்டமாட்டேன், பார்க்காமலே ஊகிப்பவளைத்தான் திட்டுவேன்.

தடை போட்டால் பேசி சட்டைப் பைக்குள் போகும், மருந்து பார்க்க அவள் கழிப்பறைக்குப் போவாள். அங்கே தொட்ட பேசி அப்படியே நோயாளியின் கட்டிலருகே திரும்பி வரும். எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி காய்ந்த பிளாஸ்டிக்கில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மேசைமேல் கிடந்தால் ஷிப்டு தொடக்கத்தில் ஆல்கஹால் ஸ்வாபால் துடைக்கச் சொல்லலாம். இல்லாததாகப் பாவிக்கும் பொருளைத் துடைக்கச் சொல்ல முடியுமா?

இதில் பெரியவர்களின் யோக்கியதை என்ன? டியூட்டி ரோஸ்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. புண்ணின் படமும் எக்ஸ்ரேயும் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில்தான் பறக்கின்றன. படமெடுக்கும் பழக்கத்தை மாணவிகள் டிக்டாக்கில் மட்டும் கற்கவில்லை, எங்களிடமும்தான் கற்றார்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரிய உணர்திறன்மிக்க தரவாக வைத்துக் காக்கிறது. ஆனால் கூட்டரசையும் மாநில அரசுகளையும் அது கட்டுப்படுத்தாது. அரசாங்க வார்டில் படுத்திருக்கும் பாட்டியின் மானம் பெரும்பாலும் மிஸ்ஸியின் கையில்தான் இருக்கிறது. ஆகவே கட்டிலருகே கேமரா கூடாது என்பதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. அந்த விதி டாக்டருக்கும் சேர்த்துத்தான்.

நோயாளிகளுக்கும் ஒரு மனக்குறை உண்டு: "இந்தப் பொண்ணு எந்நேரமும் போனைத்தான் பார்க்குது." நியாயம்தான். "பாட்டி, உங்க மருந்தைத்தான் பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரையைத் திறக்க மாணவிகளைப் பழக்கலாம். வகுப்பில் இதற்கு அரை மணி நேரம் போதும்.

இல்லை, தடைதான் வேண்டும் என்கிறீர்களா? ரோஸ்டரைப் பழையபடி பலகையில் ஒட்டுங்கள். வார்டுக்கொரு புது மருந்துக் கையேடு வாங்கி வையுங்கள். டாக்டருக்குப் படம் அனுப்பச் சொல்லி மாணவியிடம் கேட்காதீர்கள்.